குரல் போய்ச் சேருகிறதா?



கணனியில் முகம் பார்த்துப் பேசுவது இன்று நமக்குப் புதிய விடயம் அல்ல. நல்லதண்ணியில் லயத்தில் இருக்கும் அம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் மகளோடு பேசுகிறார். 1977இலும் 1983இலும் கலவரங்களுக்குப் பயந்து மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் கிளிநொச்சியிலிருந்து பேசுகின்றன. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் பேசுகிறார்கள். யுத்த காலத்தில் செஞ்சிலுவைக் குழுவின் கையில் கொடுத்தனுப்பிய ஒரு தாள் கடிதத்துக்குப் பதில் வர மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாம். வெளிநாட்டிலிருந்து ஒலிநாடாவில் பேசி அனுப்பியதைக் கடன் வாங்கிய ரேடியோவில் போட்டுக் கேட்டவர்கள் நாம். அதனால் இந்த வசதியின் அருமை நமக்குத் தெரியும்.

ஆனால் மகளிர் சங்கக் கூட்டத்துக்கு எங்கே போனாலும் சகோதரிகள் என்னிடம் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: “முகம் தெரியுது, சத்தம் வரல.” அந்தப் பக்கத்தில் “கேக்குதோ, கேக்குதோ” என்று கிளிநொச்சி மச்சாள் கேட்பார். இந்தப் பக்கத்தில் “கேக்குது, நான் பேசுறது கேக்கலியா” என்று நாம் கத்துவோம். பத்து நிமிடம் இதிலேயே போய்விடும். பிறகு கையசைத்து, கண்ணைத் துடைத்து, அழைப்பை வைத்துவிடுவோம்.

படம் நின்றுபோனால் பரவாயில்லை, பேச்சு நடக்கும். குரல் நின்றுபோனால் பேச்சே இல்லை. எனவே இம்மாதம் குரலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதற்குப் பெரிய கணனிப் படிப்பு தேவையில்லை. ரேஷன் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கவனமாகப் பார்க்கத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம்.

குரல் போகும் பாதை

குரல் நம் வாயிலிருந்து மற்றவர் காதுக்குப் போகும் வழியில் ஐந்து இடங்களைக் கடக்கிறது. முதலாவது, மைக். இரண்டாவது, மைக்கைக் கணனியோடு இணைக்கும் வயரும் துளையும். மூன்றாவது, கணனிக்குள் இருக்கும் வின்டோஸ். நான்காவது, நாம் பேசப் பயன்படுத்தும் சூம், வட்ஸ்அப் போன்ற செயலி. ஐந்தாவது, இணையமும் அதற்கு அப்பால் இருப்பவரின் கருவியும்.

மலையில் குடிநீர்க் குழாய் ஓடாவிட்டால் என்ன செய்வோம்? வீட்டுக் குழாயைத் திறந்து பார்ப்போம். பிறகு குழாய் வழியே ஏறி, எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஊற்றுவரை போவோம். குரலுக்கும் அதே முறைதான். பக்கத்தில் இருப்பதை முதலில் பாருங்கள், தூரத்தில் இருப்பதைக் கடைசியில் பாருங்கள். எல்லாப் பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்கினால் எதனால் சரியானது என்றும் தெரியாது, எதனால் கெட்டது என்றும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

முதலில் கையால் தொட்டுப் பாருங்கள்

நன்கொடையாகக் கிடைத்த பழைய மேசைக் கணனிகள் பல சங்கங்களில் இருக்கின்றன. ஒன்றை நினைவில் வையுங்கள். லெப்டொப்பில் மைக் உள்ளேயே இருக்கும். மேசைக் கணனியில் பெரும்பாலும் மைக் கிடையாது. மேலே பொருத்தும் கெமராவில் மைக் இருக்கலாம். இல்லாவிட்டால் ஹெட்செட் ஒன்று தனியாக வேண்டும். மைக்கே இல்லாத கணனியின் முன்னால் ஒரு மணித்தியாலம் கத்தினாலும் குரல் போகாது.

அடுத்தது துளைகள். மேசைக் கணனியில் வழக்கமாக இரண்டு வட்டத் துளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பச்சை நிறம் நாம் கேட்பதற்கு. இளஞ்சிவப்பு நிறம் நாம் பேசுவதற்கு. கைத்தொலைபேசியின் இயர்போனைக் கொண்டுவந்து பச்சைத் துளையில் செருகுகிறோம். மற்றவர் பேசுவது நன்றாகக் கேட்கிறது, நாம் பேசுவது மட்டும் போவதில்லை. இயர்போன் பழுதாகிவிட்டது என்று நினைக்கிறோம். அது பழுதல்ல. கைத்தொலைபேசி இயர்போனில் கேட்பதும் பேசுவதும் ஒரே முனையில் சேர்ந்திருக்கின்றன. பச்சைத் துளைக்குக் கேட்கும் வேலை மட்டும்தான் தெரியும்.

முனையை உற்றுப் பாருங்கள். அதில் கறுப்பு வளையங்கள் மூன்று இருந்தால் மைக் உள்ள இயர்போன். இரண்டு மட்டும் இருந்தால் கேட்பதற்கு மட்டுமானது. மூன்று வளைய இயர்போனை இரண்டு துளைக் கணனியில் பயன்படுத்த, ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சிறு வயர் ஒன்று கைத்தொலைபேசிக் கடைகளில் கிடைக்கும். அதைவிட யூ.எஸ்.பி. முனை உள்ள ஹெட்செட் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. பேசுவதும் கேட்பதும் ஒரே வயரில் சரியாக வரும். சங்கத்துக்கு ஒன்று வாங்குவதானால் அதையே வாங்குங்கள்.

முனை இறுதிவரை உள்ளே போயிருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். ஹெட்செட் வயரில் குரலை நிறுத்தும் சிறு பொத்தான் இருக்கும், அது தள்ளுபட்டிருக்கலாம். சில லெப்டொப்களின் விசைப்பலகையில் கோடு போட்ட மைக் படத்தோடு ஒரு விசை உண்டு. அதில் சிறு விளக்கு எரிந்தால் மைக் மூடியிருக்கிறது என்று பொருள். பிள்ளைகள் விளையாடும்போது அதை அமுக்கியிருப்பார்கள்.

வயரில்லாத ப்ளூடூத் ஹெட்போன் என்றால் இரண்டு விடயம் பாருங்கள். ஒன்று, அதில் மின்னேற்றம் இருக்கிறதா? மற்றது, அது பக்கத்தில் இருக்கும் வேறொருவரின் தொலைபேசியோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

கணனி நம் குரலைக் கேட்கிறதா?

இதுதான் முக்கியமான பரிசோதனை. சூமையும் வட்ஸ்அப்பையும் மூடிவிடுங்கள். வின்டோஸில் குரலைப் பதிவு செய்யும் செயலி ஒன்று இருக்கும். வின்டோஸ் 10இல் வொயிஸ் ரெக்கோடர் என்றும் வின்டோஸ் 11இல் சவுண்ட் ரெக்கோடர் என்றும் அதற்குப் பெயர். அதைத் திறந்து உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லிப் பதிவு செய்து, திரும்பப் போட்டுக் கேளுங்கள்.

உங்கள் குரல் கேட்டால் மைக்கும் வயரும் வின்டோஸும் நன்றாக இருக்கின்றன. குறை சூமிலோ வட்ஸ்அப்பிலோ இணையத்திலோதான். குரல் கேட்காவிட்டால் குறை இந்தப் பக்கம் இருக்கிறது. சூமைத் திட்டிப் பயனில்லை. இந்த ஒரு பரிசோதனை தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

குரல் பதிவாகாவிட்டால் செட்டிங்ஸைத் திறந்து, சிஸ்டம், பிறகு சவுண்ட் என்று போங்கள். அங்கே இன்புட் என்ற பகுதியில் எந்த மைக் தெரிவு செய்யப்பட்டிருக்கிறது என்று காட்டும். கெமராவின் மைக், ஹெட்செட்டின் மைக், லெப்டொப்பின் மைக் என்று இரண்டு மூன்று பெயர்கள் இருக்கலாம். நீங்கள் வாய்க்கு அருகே வைத்திருப்பது ஹெட்செட், கணனி கேட்டுக்கொண்டிருப்பது வேறொன்று என்றால் எப்படிக் குரல் போகும்? சரியான பெயரைத் தெரிவு செய்துவிட்டுப் பேசுங்கள். பேசும்போது அங்கே இருக்கும் கோடு அசைய வேண்டும். அசைந்தால் கணனி கேட்கிறது. மைக்கின் ஒலி அளவு பூச்சியத்தில் இருந்தால் அதையும் உயர்த்துங்கள். ஒரேயடியாக 100இல் வைத்தால் குரல் கிழிந்து கேட்கும். சற்றுக் குறைவாக வைத்துப் பேசிப் பாருங்கள்.

இன்னொரு பூட்டும் உண்டு. செட்டிங்ஸில் பிரைவசி என்ற பகுதியில் மைக்ரோபோன் என்று ஓரிடம் இருக்கிறது. மைக்கைப் பயன்படுத்தச் செயலிகளுக்கு அனுமதி தருவதா இல்லையா என்று அங்கேதான் தீர்மானமாகிறது. மேலே உள்ள பொதுவான சுவிட்ச் போடப்பட்டிருக்க வேண்டும். கீழே டெஸ்க்டொப் செயலிகளுக்கென்று இன்னொரு சுவிட்ச் உண்டு. சூம் அதன் கீழ் வருவதால் அதுவும் போடப்பட்டிருக்க வேண்டும். மேலே உள்ளதைப் போட்டுவிட்டுக் கீழே உள்ளதை மறந்துவிடுபவர்கள் பலர்.

இவ்வளவும் சரியென்றால் கணனியை ஒரு தடவை முழுதாக நிறுத்தித் திரும்பப் போடுங்கள். முன்பு பேசிய ஏதோ ஒரு செயலி மைக்கைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தால் அது விடுபட்டுவிடும்.

செயலிக்குள் பார்க்க வேண்டியவை

சூமில் உள்ளே போனதும் கணனியின் ஒலியோடு சேரவா என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் அதை மூடிவிட்டால் படம் மட்டும் வரும். நமக்கும் கேட்காது, நாம் பேசுவதும் போகாது. கீழே இடது பக்க மூலையில் மைக் படத்துக்குப் பதிலாக ஹெட்போன் படம் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அதை அமுக்கி ஒலியோடு சேருங்கள்.

மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு இருந்தால் குரல் மூடப்பட்டிருக்கிறது. ஒருமுறை அமுக்கினால் திறக்கும். திறந்திருக்கும்போது பேசினால் மைக் படத்துக்குள் பச்சை நிறம் ஏறி இறங்கும். அதற்குப் பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியை அமுக்கினால் எந்த மைக், எந்த ஸ்பீக்கர் என்று பட்டியல் வரும். வின்டோஸில் சரியாக வைத்தாலும் சூம் தனக்கென்று வேறொரு மைக்கைப் பிடித்திருக்கலாம். அதே பட்டியலில் ஸ்பீக்கரையும் மைக்கையும் பரிசோதிக்கும் வசதியும் உண்டு. பேசச் சொல்லி, நம் குரலை நமக்கே திரும்பப் போட்டுக் காட்டும்.

கூகிள் மீட் போல உலாவியில் திறக்கும் கூட்டம் என்றால், முகவரி எழுதும் இடத்தின் இடது பக்கத்தில் உள்ள சிறு குறியை அமுக்குங்கள். அங்கே மைக்குக்கு அனுமதி இருக்கிறதா என்று தெரியும். முதல் தடவை கேட்டபோது பயந்து வேண்டாம் என்று அமுக்கியிருந்தால் அதன் பிறகு கேட்காமலே மூடிவைத்திருக்கும். அங்கே போய் அனுமதி கொடுத்து, பக்கத்தைத் திரும்பத் திறக்க வேண்டும்.

பழைய கணனிகளின் திரையில் ஸ்கைப்பின் நீலக் குறி இன்னும் இருக்கிறது. 2003இல் தொடங்கிய ஸ்கைப்பை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 மே 5ஆம் திகதி நிறுத்திவிட்டது. அதைத் திறந்து குரல் வரவில்லை என்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மகள் டுபாயில் இருக்கிறாள், வட்ஸ்அப்பில் எழுத்து போகிறது, அழைப்பு மட்டும் இணைவதில்லை என்று சொல்லும் தாய்மாருக்கு ஒரு விடயம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் இணையக் குரல் அழைப்புக்கு நீண்ட காலமாகவே கட்டுப்பாடுகள் இருந்து வந்திருக்கின்றன. அது உங்கள் மைக்கின் குறையல்ல, மகளின் மனம் மாறிவிட்டது என்பதும் அல்ல. அங்கே அனுமதிக்கப்பட்ட செயலி எது என்று மகளிடம் எழுதிக் கேட்டு, அதையே இங்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

நமக்குக் கேட்காவிட்டால்

அந்தப் பக்கம் பேசுவது நமக்குக் கேட்காவிட்டால் அவுட்புட் என்ற பகுதியைப் பாருங்கள். டீவியையோ வேறு திரையையோ இணைத்திருந்தால் கணனி தன் ஒலியை அதற்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தத் திரையில் ஸ்பீக்கரே இல்லாமல் இருக்கலாம். ஸ்பீக்கரை அல்லது ஹெட்செட்டைத் தெரிவு செய்தால் சரி.

யாராவது அனுப்பிய பாட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பாட்டு கேட்கிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை என்றால், குறை பெரும்பாலும் அந்தப் பக்கத்து மைக்கில். “உங்க மைக் மூடியிருக்கு” என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கெமராவுக்குக் காட்டுங்கள். ஐந்து நிமிடம் கையசைப்பதைவிட இது நல்லது.

எதிரொலியும் ஊளையும்

நீங்கள் பேசியது ஒரு கணம் கழித்து உங்களுக்கே திரும்பக் கேட்டால் குறை உங்களிடம் இல்லை. அந்தப் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வரும் உங்கள் குரலை அவருடைய மைக் மறுபடி பிடித்து அனுப்புகிறது. அவரை ஸ்பீக்கர் ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது ஹெட்போன் போடச் சொல்லுங்கள்.

காது கிழியும்படி ஊளைச் சத்தம் வந்தால் ஒரே அறையில் இரண்டு கருவிகள் அதே கூட்டத்தில் இருக்கின்றன. மகளிர் சங்கக் கூட்டங்களில் ஐந்து பேர் ஐந்து தொலைபேசியோடு ஒரே வாங்கில் இருந்து சேரும்போது இது நடக்கும். ஓர் அறைக்கு ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர் என்பதே சட்டம். மற்றவர்கள் இரண்டையும் மூடிவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

குரல் விட்டுவிட்டு வந்தால் இணையம் போதவில்லை. உடனே படத்தை நிறுத்துங்கள். சூம் நிறுவனம் தரும் கணக்கின்படி குரலுக்கு மட்டும் வினாடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். இருவர் நல்ல படத்தோடு பேச ஏறத்தாழ 600 வேண்டும். அதாவது படம் தின்பதில் எட்டில் ஒரு பங்கு கூடக் குரலுக்குத் தேவை இல்லை அல்லது அதைச் சற்றுத்தான் தாண்டும். முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, படத்தை நிறுத்தி நிம்மதியாகப் பேசுங்கள்.

மழையும் தகரமும்

எங்கள் பக்கத்து மழையைப் பற்றி மஸ்கெலியாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தகரக் கூரையில் மழை விழும்போது மைக்குக்கு மழைதான் கேட்கும். லெப்டொப்பின் மைக் முகத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருக்கிறது. ஹெட்செட்டின் மைக் வாயருகில் இருக்கிறது. ஆகவே மழை நாளில் ஹெட்செட்டே நல்லது. மைக்கை வாய்க்கு நேராக வைத்தால் மூச்சுக் காற்று விழும். வாயின் ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளியில் வையுங்கள்.

குளிருக்கு சுவெட்டரும் சால்வையும் போட்டிருப்போம். இயர்போன் வயரில் உள்ள சிறு மைக் சால்வைக்குள் மறைந்துவிடும், அல்லது கம்பளியில் உரசிக் கரகரவென்று சத்தம் தரும். அதை வெளியே எடுத்து, துணியில் படாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாத மலைக்கு யாத்திரிகர் வரும் காலம். நல்லதண்ணியில் இரவு முழுவதும் ஒலிபெருக்கியும் பஸ் ஹோர்னும் இருக்கும். போயா நாட்களில் தொலைபேசி வலையமைப்பும் நெருக்கடிப்படும். முக்கியமான அழைப்பை அந்த நாட்களில் வைக்காமல் வார நாளின் பகல் நேரத்துக்கு மாற்றிக் கேளுங்கள். நேரம் மாற்றிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

சாவு வீட்டில்

இதைச் சொல்லாமல் விட முடியாது. பிறந்த மண்ணுக்கு வர முடியாத பிள்ளைகள் தாய் தகப்பனின் இறுதிக் கிரியையைக் கணனியில் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 2020இல் கொரோனா வந்தபின் இது மேலும் கூடியது. ஒப்பாரி சொல்கிறார்கள், தப்பு அடிக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கோ விட்டுவிட்டுக் கேட்கிறது, சில நேரம் ஒன்றுமே கேட்பதில்லை.

இதற்குக் காரணம் பெரும்பாலும் இணையம் அல்ல. பேச்சைத் தவிர மற்ற ஒலியை எல்லாம் இரைச்சல் என்று நினைத்து வெட்டும் ஏற்பாடு சூமில் இருக்கிறது. பறையும் அழுகையும் அதற்கு இரைச்சல்தான். செட்டிங்ஸில் ஓடியோ என்ற பகுதிக்குப் போய், பின்னணி இரைச்சலைக் குறைப்பதை ‘லோ’ என்ற குறைந்த நிலையில் வையுங்கள். அல்லது இசைக் கலைஞர்களுக்கான ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற தெரிவைப் போடுங்கள். அப்போது வீட்டின் ஒலி அப்படியே போகும். தாயின் கடைசிப் பயணத்தில் அழக்கூட முடியாமல் தூரத்தில் இருப்பவளுக்கு அந்த ஒலியாவது சேரட்டும்.

கேட்காமல் தலையாட்ட வேண்டாம்

இம்மாதம் நான் எழுத வந்ததில் முதன்மையானது இதுதான். இப்போது உளவளத்துணை, சட்ட ஆலோசனை, அலுவலக விசாரணை எல்லாம் கணனி வழியாகவும் நடக்கின்றன. குற்றச்செயலால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றத்துக்கு நேரில் வராமல் படமும் குரலும் சேர்ந்த இணைப்பு மூலம் வேறோர் இடத்திலிருந்து சாட்சியம் அளிக்க வழி செய்தது. அதன் இடத்துக்கு 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பயத்தோடு வாழும் பெண்ணுக்கு இது பெரிய உதவி. ஆனால் குரல் சரியாகப் போனால்தான் உதவி.

வன்னியில் வாழ்ந்து, கணவரைத் தொலைத்து, பிள்ளைகளோடு தோட்டத்துக்குத் திரும்பி வந்த ஓர் அக்காவை எனக்குத் தெரியும். ஒருநாள் கணனி வழியாக அவரிடம் விபரம் கேட்டார்கள். குரல் விட்டுவிட்டு வந்தது. அக்கா மூன்று இடத்தில் தலையாட்டினார். முடிந்ததும் “என்னக்கா கேட்டாங்க?” என்றேன். “தெரியல தங்கச்சி. பெரிய ஆளுங்க, எத்தனை தடவைதான் திரும்பக் கேக்கிறது?” என்றார். பிறகு வந்த தாளில், கணவர் காணாமற்போன ஆண்டு 2009 என்பதற்குப் பதிலாக 2008 என்று இருந்தது. அது சரியா என்று அவர்கள் கேட்டபோதுதான் அக்கா தலையாட்டியிருக்கிறார். அந்த ஒரு எண்ணைத் திருத்த இரண்டு தடவை ஹட்டனுக்குப் பஸ் ஏறினார், இரண்டு நாள் சம்பளத்தை இழந்தார்.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. பெரட்டுக் களத்திலும் முகாம் வரிசையிலும் திரும்பக் கேட்டால் திட்டுத்தான் கிடைத்தது. தலையாட்டினால் தப்பலாம் என்று நம் உடம்பு படித்துவிட்டது. ஆனால் கணனித் திரையில் தலையாட்டினால் அது பதிலாகப் பதியப்படுகிறது. எனவே பின்வரும் வாக்கியங்களைப் பயிற்சி செய்துகொள்ளுங்கள்:

“ஐயா, கேள்வி முழுசாக் கேக்கல. திரும்பச் சொல்லுங்க.”

“நான் சொன்னத நீங்க எப்படி எழுதியிருக்கீங்கன்னு வாசிச்சுக் காட்டுங்க.”

“சத்தம் சரியில்ல. லைனைச் சரி பண்ணிட்டுத் தொடர்வோம்.”

இவற்றைச் சொல்வதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

மொழிபெயர்ப்பாளர் இருக்கும் சூம் கூட்டங்களில் கீழே உலக உருண்டைப் படம் ஒன்று வரலாம். அதில் தமிழைத் தெரிவு செய்தால் மொழிபெயர்ப்பாளரின் குரல் வரும். மற்ற மொழிக் குரலும் பின்னால் மெல்லியதாகக் கேட்டுக்கொண்டிருக்கும். அது குழப்பினால் மூலக் குரலை மூடும் தெரிவும் அங்கேயே இருக்கிறது.

இணையம் அறவே ஒத்துவராவிட்டால், கணனியில் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு சாதாரணத் தொலைபேசியில் பேசலாமா என்று கேளுங்கள். கணனியின் மைக்கையும் ஸ்பீக்கரையும் அப்போது மூடிவிட வேண்டும்.

நம் குரல் நம்முடையது

குரல் போக வேண்டிய நேரத்தில் போகவேண்டும். போகக்கூடாத நேரத்தில் போகவும் கூடாது. பேசி முடிந்ததும் கூட்டத்தை விட்டு வெளியேறியாயிற்றா என்று பாருங்கள். வின்டோஸின் கீழ் வரிசையில் சிறிய மைக் படம் தெரிந்தால் ஏதோ ஒரு செயலி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஹெட்போன் போட்டால் அந்தப் பக்கம் பேசுவது அறையில் உள்ளவர்களுக்குக் கேட்காது. ஆனால் நீங்கள் பேசுவது கேட்கும். மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டிய அழைப்பு என்றால் தனி அறை கேளுங்கள். சூமில் பதிவு செய்தால் அறிவிப்பு வரும். ஆனால் பக்கத்தில் இருப்பவர் தன் தொலைபேசியில் பதிவு செய்தால் எந்த அறிவிப்பும் வராது. தொடக்கத்திலேயே “இது பதிவாகுதா? யார் யார் கேக்கிறாங்க?” என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மைக்கைச் சரிசெய்து தருகிறேன் என்று முன்பின் தெரியாதவர் அழைத்து, ஒரு செயலியைப் போடச் சொன்னாலோ இரகசியச் சொல்லைக் கேட்டாலோ உடனே வைத்துவிடுங்கள். மைக்கைச் சரிசெய்ய எவருக்கும் உங்கள் இரகசியச் சொல் தேவையில்லை.

சுவரில் ஒட்டிவைக்க

சங்கத்துக் கணனிக்கு மேலே இதை ஒரு மட்டையில் எழுதி ஒட்டுங்கள்.

1. மைக் இருக்கிறதா? முனை சரியான துளையில் இருக்கிறதா?
2. மூடும் பொத்தான் தள்ளுபட்டிருக்கிறதா?
3. பதிவு செய்து கேட்டால் குரல் வருகிறதா?
4. இன்புட்டில் சரியான மைக்கா? அனுமதி உண்டா?
5. செயலியில் ஒலியோடு சேர்ந்தாயிற்றா? சிவப்புக் கோடு இருக்கிறதா?
6. குரல் உடைந்தால் படத்தை நிறுத்து.
7. கேட்காவிட்டால் தலையாட்டாதே, திரும்பக் கேள்.

முக்கியமான அழைப்புக்கு அரை மணித்தியாலம் முன்னதாக இந்த ஏழையும் பார்த்துவிடுங்கள். சங்கத்தில் இளம் பிள்ளை ஒருத்தி செய்து தருவாள் என்று விட்டுவிடாமல், ஒவ்வொருவரும் ஒருமுறையாவது தன் கையால் செய்து பழகுங்கள். அவள் வேலைக்குக் கொழும்புக்குப் போன மறுநாள்தான் உங்களுக்கு அழைப்பு வரும்.

அடுத்த மாதம், கைத்தொலைபேசியில் வரும் பொய்க் கடன் விளம்பரங்களைப் பற்றிப் பேசுவோம். அதுவரை நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி,
நல்லதண்ணி